கையால் அசையும் பாவைகள்

பாவையை நூலிற் கட்டி ஆட்டுதல் நம் முன்னோர்க்குப் பழகிய கலை. மரப்பாவை நாணினால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்குவதை வள்ளுவரும் உவமையாகக் கொண்டார். ஈண்டு யாம் கூறப்புகும் பாவைக்கோ நூலில்லை. உண்மையில் அது அசைவதுமில்லை. ஆயினும் திரையில் நடக்கின்றது, நாணுகின்றது, அஞ்சி ஒளிகின்றது. 'ஸ்ரொப் மோஷன்' என மேனாட்டார் வழங்கும் இம்முறை, கணினி யாவும் வரைந்து தரும் இக்காலத்தும் மக்கள் மனத்தை விட்டகலாதிருப்பது ஏன் என்பதைச் சிறிது நோக்குவாம்.

முறை எளிது, உழைப்பே பெரிது. பாவையை ஒரு நிலையில் நிறுத்திப் படம் எடுப்பர். பின்னர் அதன் கையையோ தலையையோ இம்மியளவு நகர்த்தி மறுபடம் எடுப்பர். திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓட, நம் மூளை அவற்றை இணைத்து ஓரசைவாகக் கொள்கின்றது. ஒரே நிலையை இரு படங்களாகப் பதிந்து உழைப்பைப் பாதியாக்கும் வழக்கமும் உண்டு. அங்ஙனம் குறைத்தும், பத்து நிமிடப் படத்துக்கு 7,200 நிலைகள் வேண்டும்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர் இருவர் கைத்தொலைபேசி ஒன்றையும் களிமண் ஆமையொன்றையும் கொண்டு இதனை முயன்றனர். ஆமையை ஏன் தெரிந்தீர் என வினவினேன். "ஆமை மெல்லத்தானே போகும் சேர், பிழை தெரியாது" என்றனர். பிற்பகல் முழுதும் உழைத்துப் பதினொரு விநாடிப் படம் பெற்றனர். சாளர வெயில் நகர்ந்ததை ஒருவரும் எண்ணவில்லை. ஆமை ஒரு சாண் செல்வதற்குள் அதன் நிழல் மேசையைச் சுற்றி ஓடிவிட்டது! வகுப்பு முழுவதும் சிரித்தது; மறுமுறையும் காட்டும்படி கேட்டது.

இக்கலையின் முன்னோருள் ஒருவரான லடிஸ்லாஸ் ஸ்ராரெவிச்சும் இத்தகைய இடையூற்றினாலேயே இதனுட் புகுந்தார். இன்றைய லித்துவேனியாவிலுள்ள கௌனாஸ் நகர நூதனசாலையிற் பணிபுரிந்த அவர், மான்கொம்பு போன்ற தாடையுடைய வண்டுகளின் போரைப் படம்பிடிக்க விழைந்தார். விளக்கொளி பட்டதும் வண்டுகள் அசைவற்றுக் கிடந்தன. எனவே, இறந்த வண்டுகளின் கால்களை நீக்கிக் கம்பிகளை மெழுகினாற் பொருத்தி, 1910 இல் அப்போரைத் தாமே இயற்றினார். 1912 இல் 'கமராக்காரனின் பழி' என்னும் படத்தைத் தந்தார். வண்டுக் கணவன் தும்பி நாட்டியக்காரியை நாடிச் செல்கிறான். வெட்டுக்கிளிக் கமராக்காரன் அதனைச் சாவித்துவாரத்தின் வழியே படம்பிடித்துப் பின்பு ஊரறியத் திரையிடுகிறான். வண்டுகளைப் பழக்கி நடிப்பித்தனர் என்றே அக்காலத்தாருட் சிலர் நம்பினராம்.

1993 இல் 'ஜுராசிக் பார்க்' படத்தில் கணினி இயற்றிய விலங்குகள் உலவியபோது, கைப்பாவையின் காலம் முடிந்ததெனப் பலர் கருதினர். அவ்வாண்டிலேயே வெளிவந்தது நிக் பார்க் என்னும் ஆங்கிலேயரின் 'த றோங் றவுசேர்ஸ்'. அரைமணி நேரக் களிமண் படமாகிய அது ஒஸ்கார் பரிசு பெற்றது. இவர் மாணவராயிருந்த 1982 இல் தொடங்கிய முதற்படம், 23 நிமிடத்தது, 1989 இலேயே நிறைவெய்தியது. அதில் வரும் குரோமிற் என்னும் நாய்க்கு வாயில்லை, பேச்சில்லை. புருவமாகிய களிமண் துண்டைச் சிறிது மேலேற்றுவதனாலேயே அதன் ஐயமும் சலிப்பும் நமக்கு விளங்கிவிடும். உற்று நோக்கின் அப்பாவைகளின் மேனியில் விரல் ரேகை பதிந்திருத்தலைக் காணலாம். இதனைக் குற்றமென்பாருமுளர். யான் அவ்வாறு கருதேன். எவரோ ஒருவர் இதனைத் தொட்டார் என்னும் உணர்வன்றோ நம்மை அருகிழுக்கின்றது? எனினும் உழைப்பு மிகுதி ஒன்றே படத்தைச் சிறப்பிக்காது; ஆண்டுக்கணக்கில் உழைத்தெடுத்தும் உறக்கம் தருவன உள.

இவ்வகையில் யான் கண்டவற்றுள் தலையாயது செக்கோசிலவாக்கியக் கலைஞர் ஜிரி திருன்கா 1965 இல் ஆக்கிய 'கை'. பதினெட்டு நிமிடமே ஓடுவது. தன் பூச்செடிக்குச் சாடி வனையும் எளிய குயவன் ஒருவன். கையுறை அணிந்த பெருங்கையொன்று அவன் வீட்டினுட் புகுந்து, தன் உருவத்தையே வனையும்படி பணிக்கின்றது. அவன் மறுக்கின்றான். பரிசும் அச்சுறுத்தலும் பயன்படாமற் போகவே, அவனைக் கூண்டிலிட்டுக் கைகால்களில் நூல் கட்டி வேலை வாங்குகின்றது. நூலில்லாத பாவைக்கு அங்கேதான் நூல் வருகின்றது. குயவன் முகம் தீட்டிய முகம். படம் முழுவதிலும் மாறுவதேயில்லை. ஒளி விழும் கோணத்தாலும் தலையின் சாய்வாலுமே அவன் துயரைக் காட்டினார் திருன்கா. தப்பி வீடு சேர்ந்த குயவன், தலைமேற் சாடி வீழ்ந்து இறக்க, அவனுக்குச் சிறப்பான இறுதிக்கடன் செய்வதும் அக்கையே.

பாவையை அசைப்பதும் ஒரு கை, அதனை அடக்குவதும் ஒரு கை என இப்படத்தை வேறெம் முறையாற் காட்டியிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. திருன்கா 1969 டிசெம்பரில் மறைந்தார். அதன்பின் சிறிது காலத்துள் அவர் நாட்டில் இப்படம் தடைசெய்யப்பட்டது.