அச்சாரம் கொடுக்கும் முன்...
ஊர் ஓரத்தில் மனை வாங்கும் விவசாயிகளுக்குச் சில யோசனைகள்

வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டிப் பக்கத்துச் சிறு விவசாயிகள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. பிள்ளைகள் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் வசதியாக, ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது இராஜபாளையம் ஓரத்தில் சந்தடியில்லாத இடமாக ஐந்து சென்ட் வாங்கி ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே அது. பின்புறம் ஒரு பசு, நாலு தென்னை இருந்தால் போதும் என்பார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அதற்கான பணம் தேங்காய் விற்ற பணமாகவோ, மாடு விற்ற பணமாகவோ, மகளின் நகையாகவோ இருக்கும். ஒருமுறை தவறினால் மறுமுறை சேர்ப்பது கடினம். எனவே அச்சாரம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

நிலத்தை இருமுறை பாருங்கள்

விதை விதைக்கும் முன் மண்ணைப் பார்க்கிறோம். வீடு கட்டவும் அதே கண் வேண்டும். மனையைச் சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறையும் பார்ப்பது நல்லது. கோடையில் பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது, உப்புக் கரிக்கிறதா என்பது தெரியும். மழையில் ஓடை எந்த வழியாக வருகிறது, கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்பது தெரியும். மலையடிவார ஓடைகள் பத்து மாதம் காய்ந்து கிடந்தாலும், ஒரே இரவில் கரை புரண்டு வரும். வறண்ட ஓடையை நிரவிப் போட்ட மனையைக் கோடையில் மட்டும் பார்த்தவர் ஏமாந்து போவார்.

மண்ணும் முக்கியம். மலையை ஒட்டிய மேற்குப் பகுதியில் செம்மண்ணும் சரளையும் உண்டு. கிழக்கே போகப் போகக் கரிசல். கரிசல் ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் விரியும். ஆழமாகத் தோண்டிக் கட்ட வேண்டியிருப்பதால் செலவு கூடும். மனை விலை குறைவு என்று மகிழும் முன் ஒரு கொத்தனாரைக் கூட்டிச் சென்று குழி தோண்டிப் பாருங்கள்.

அங்கீகாரம் உள்ள மனையா?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. புஞ்சையைத் துண்டு போட்டு, கல் நட்டு, 'மனை' என்று விற்பது பழைய வழக்கம். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் அமலுக்கு வந்தது. அதன்பின், அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவை தவிர, அங்கீகாரம் இல்லாத மனையைக் கிரயம் செய்ய இயலாது. பழைய மனைகளை முறைப்படுத்த 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன.

இதைச் சுற்றிப் போகச் சிலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். 'மனை' என்று எழுதாமல், 'புஞ்சையில் பத்து சென்ட்' என்றோ, 'பொதுவில் இத்தனை பங்கு' என்றோ பத்திரம் போடுகிறார்கள். பத்திரம் பதிவாகிவிடும். ஆனால் வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்கும்போது சிக்கல் வரும். வீட்டுக் கடன் கேட்டால் வங்கியும் கை விரிக்கும்.

ஆகவே நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகார எண்ணையோ வரன்முறை ஆணையையோ கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால், மனை வணிக ஒழுங்குமுறைக் குழுமத்தின் பதிவெண்ணையும் கேளுங்கள். தெரு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். இல்லையேல் நாளைக்கு வண்டி போகத் தடை வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் பகுதி 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மலையை ஒட்டிய இடமானால், அங்கே கட்டுவதற்குத் தனி அனுமதி தேவையா என்று வனத்துறையிடமும் ஊரமைப்புத் துறையிடமும் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

பத்திரங்களைப் பார்க்கும் முறை

முதலில் ஊர்ப் பெயர். புதுப்பட்டி என்ற பெயரில் ஊர்கள் பல உண்டு. நமது மாவட்டத்திலேயே சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி இருக்கிறது. முன்னெழுத்தையும் சர்வே எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மாவட்டப் பெயர் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். 1985-க்கு முந்திய பத்திரங்களில் இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டம் என்றே இருக்கும். 1910-க்கு முன் திருநெல்வேலி மாவட்டம்.

வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடலாகாது. தாய்ப் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்து வாங்கிய கைக்கடன் வில்லங்கத்தில் வராது. எனவே நகல் காட்டினால் ஒப்புக்கொள்ளாமல், அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு மூன்றும் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா பெயர்கள் தவறாக ஏறிய இடங்கள் பல. பட்டா ஒருவர் பெயரிலும் பத்திரம் இன்னொருவர் பெயரிலும் இருந்தால், திருத்தியபின் வாங்குங்கள். கண்மாய், ஓடைப் புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி நிலம், நிபந்தனையுள்ள அரசு ஒப்படை நிலம் ஆகியவற்றை மலிவு என்பதற்காகத் தொடவே வேண்டாம்.

பூர்வீகச் சொத்தானால் வாரிசுகள் அனைவரையும் விசாரியுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் சமபங்கு சட்டமாயிற்று. சகோதரிகளின் கையெழுத்து இல்லாத கிரயம் பின்னால் வழக்காக வந்து நிற்கும். அதிகாரப் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்க வந்தால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா, ரத்து செய்யவில்லையா என்று நேரில் சென்று பாருங்கள். நிலத்தில் குத்தகைதாரர் இருக்கிறாரா என்பதும் கேட்க வேண்டியதே.

இத்தனையும் சரியாக இருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சரிபார்த்து, சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நடச் செய்யுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி இருக்க வேண்டும். தெருவையும் சேர்த்து அளந்து காட்டுவோர் உண்டு.

பணம் கொடுக்கும் முறை

வாய்ப் பேச்சில் அச்சாரம் கொடுக்க வேண்டாம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பணத்தை வங்கி மூலமே கொடுங்கள்.

செலவையும் முன்பே கணக்கிடுங்கள். மனை பத்து லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதம், ரூ. 70,000. பதிவுக் கட்டணம் 2 சதம், ரூ. 20,000. ஆக ரூ. 90,000. அரசு வழிகாட்டி மதிப்பு அதிகமாயிருந்தால் அதன்மேல் கட்ட வேண்டும். பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதம் சலுகை உண்டு. மனைவி பெயரில் வாங்கினால் இந்த மனைக்குப் பத்தாயிரம் மிச்சம். பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலை முடித்துவிடுங்கள்.

விளைநிலத்தை விற்கலாமா?

மனை சோறு போடாது. தண்ணீருள்ள தோட்டத்தை விற்றுத் தண்ணீரில்லாத மனையை வாங்கிவிட்டு, பிறகு கூலி வேலைக்குப் போகும் நிலை வரக்கூடாது. விற்றே தீர வேண்டுமானால் கிணற்றுப் பங்கு இல்லாத துண்டை விற்று, கிணறும் வண்டிப் பாதையும் உள்ள பகுதியைக் காப்பாற்றுங்கள். மாடு வைக்க எண்ணமிருந்தால், அந்தத் தெருவில் தொழுவத்துக்கும் வைக்கோல் படப்புக்கும் இடம் உண்டா, அக்கம்பக்கத்தார் சம்மதிப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டக் கொடுக்கும் சில ஆயிரம் வீண் செலவல்ல. அதற்கும் வழியில்லாதவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.

'நாளைக்கே வேறு ஆள் வாங்கிவிடுவார்' என்று தரகர் அவசரப்படுத்துவார். போனால் போகட்டும். வேறு மனை கிடைக்கும், போன பணம் கிடைக்காது.