காட்டுத்தீயைத் தடுக்க விளக்கை அணைப்பவர்கள்



வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டால் நாம் என்ன நினைக்கிறோம்? எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, அல்லது இடி விழுந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் கம்பியும் அறுபடவில்லை, இடியும் விழவில்லை. மின்சார நிறுவனமே முன்கூட்டி அறிவித்துவிட்டு ஊர் ஊராக விளக்கை அணைக்கிறது. இப்படியும் நடக்குமா? நடக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது வழக்கமாகிவிட்டது. காரணம், காட்டுத்தீ. இது பற்றியே இன்று பேச இருக்கிறோம்.

மின்கம்பிக்கும் காட்டுத்தீக்கும் என்ன தொடர்பு? பலத்த காற்றில் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று மோதினால் பொறி பறக்கும். உருகிய உலோகத் துளிகள் கீழே சிந்தும். முறிந்த கிளை கம்பியின் மேல் விழுந்தாலும், கம்பியே அறுந்து தரையைத் தொட்டாலும் இதே கதிதான். ஈரமான மண்ணில் அந்தப் பொறி அணைந்து போகும். காய்ந்த புல்லில் விழுந்தால் என்ன ஆகும்? நம் தோட்டங்களில் பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், சருகின் மேல் ஒரு சிகரெட் துண்டு விழுந்தாலே எவ்வளவு அச்சப்படுகிறோம்! கலிபோர்னியாவில் கோடை முழுவதும் மழை பெய்வது அரிது. ஆகவே, இலையுதிர் காலத் தொடக்கத்தில் மலைகளெங்கும் அந்தச் சருகு நிலைதான்.

அந்த வேளையில்தான் காற்றும் வருகிறது. உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கி மலைச்சரிவில் இறங்கும் காற்று இது. இறங்க இறங்க அழுத்தம் கூடுகிறது. அதனால் வெப்பம் ஏறுகிறது, ஈரம் வற்றுகிறது. தெற்கே இதனைச் சாந்தா ஆனா காற்று என்றும், வடக்கே டியாப்லோ காற்று என்றும் அழைக்கிறார்கள். கம்பியை ஆட்டுவதும் இக்காற்றே. விழுந்த பொறியை ஊதி வளர்ப்பதும் இக்காற்றே.

2018 நவம்பர் 8ஆம் நாள் நடந்ததைக் கேளுங்கள். வட கலிபோர்னியாவில் பாரடைஸ் என்னும் மலையூர். ஏறக்குறைய 26,000 மக்கள் வாழ்ந்த ஊர். அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கேஸ் அண்டு எலெக்ட்ரிக் நிறுவனத்தின் உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்றில் கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து ஒடிந்தது. ஏறக்குறைய நூறாண்டுப் பழைமையான மின்பாதை அது. காலை ஆறரை மணியளவில் பிடித்த தீ இரண்டு மணி நேரத்திற்குள் ஊருக்குள் புகுந்துவிட்டது. 85 பேர் மாண்டனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. இறந்தவர்களுள் முதியவர்கள் பலர்.

அந்நிறுவனம், மின்சாரத்தை நிறுத்தக்கூடும் என்று சில நாட்களுக்கு முன்னரே மக்களுக்கு அறிவித்திருந்தது. பின்னர் நிறுத்தவில்லை. தீயை மூட்டிய அந்த உயர் அழுத்தக் கம்பியோ, நிறுத்தும் திட்டத்திலேயே அடங்கியிருக்கவில்லை. 2020ஆம் ஆண்டில், கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதாக 84 குற்றங்களை நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. நிறுவனத்தைச் சிறையில் அடைக்க முடியாதல்லவா? அபராதம் ஏறக்குறைய 35 லட்சம் டாலர்.

அந்தத் தீக்குப் பிறகு நிறுவனம் விளக்கை அணைக்கத் தயங்கவில்லை. 2019 அக்டோபரில் பல லட்சம் வீடுகளும் கடைகளும் நாள் கணக்கில் இருளில் மூழ்கின. இம்முறையை முதலில் கையாண்டது தெற்கே உள்ள சான் டியாகோ நகரின் மின்சார நிறுவனம். 2007இல் அங்கு மூண்ட பெருந்தீக்குப் பிறகு அது இந்த வழியை நாடியது.

எப்போது அணைப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரம், செடிகொடிகளின் வறட்சி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இதற்கென மலைகளில் வானிலைக் கருவிகளை நிறுவியிருக்கிறார்கள். காற்று ஓய்ந்ததும் உடனே விசையைத் தட்டிவிட முடியாது. கம்பி நெடுகிலும் ஆட்கள் நடந்தும், ஹெலிகாப்டரில் பறந்தும் சேதம் பார்க்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அதுவே தீ மூட்டும். அதனால்தான் இருள் நீள்கிறது.

அந்த இருளுக்கும் ஒரு விலை உண்டு, நேயர்களே. மூச்சுக்கருவியை நம்பி வாழும் நோயாளி என்ன செய்வார்? குளிர்ப்பெட்டியில் வைத்த இன்சுலின் மருந்து என்னாகும்? கிணற்றுப் பம்பு நின்றால் குடிநீர் ஏது? தொலைபேசி நின்றால் தீ வருகிறது என்ற செய்தி எப்படி எட்டும்? வசதியுள்ளவர் ஜெனரேட்டர் வாங்கிக்கொள்வார். நாள்கூலிக்காரர் ஒருநாள் சம்பளத்தையும் குளிர்ப்பெட்டியில் இருந்த உணவையும் சேர்த்து இழப்பார். ஆகவேதான் முன்னறிவிப்பு தரவும், நோயாளிகளைத் தனியே தொடர்பு கொள்ளவும், மின்னூட்டம் செய்துகொள்ள நிலையங்கள் திறக்கவும் அங்கே ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

மேலும், இது முழுமையான காப்பும் அன்று. 2019 அக்டோபரில் சொனோமா வட்டாரத்தில் சிறு கம்பிகளை நிறுத்தியிருந்த வேளையில், நிறுத்தாமல் விட்ட உயர் அழுத்தக் கம்பி பெருந்தீயை மூட்டிவிட்டது. அதற்காக, அணைக்காமல் இருந்தால் நல்லது என்று சொல்லலாமா? 2023 ஆகஸ்ட் 8ஆம் நாள் ஹவாய் மாநிலத்தின் லஹைனா நகரம் எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அங்கிருந்த மின்சார நிறுவனத்திடம் இத்தகைய நிறுத்தத் திட்டமே இல்லை. மறு ஆண்டுதான் தொடங்கினார்கள்.

அப்படியானால் நிலையான வழி யாது? கம்பிக்கு உறை போடுதல், கம்பியை மண்ணுக்கடியில் புதைத்தல், மரக்கிளைகளை வெட்டுதல், பழைய கொக்கிகளைக் காலத்தில் மாற்றுதல். இவற்றுக்குப் பெரும் பணமும் பல ஆண்டுகளும் தேவை. விளக்கை அணைப்பது அதுவரைக்கும் உயிர்காக்கும் இடைக்கால வழி. பழுது பார்க்காமல் இருப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது என்பதே அங்குள்ள மக்களின் வாதம். அது நியாயமான வாதம்தான்.

நம் நாட்டில் மழையும் ஈரமும் மிகுதி. இந்த முறை நமக்குத் தேவைப்படவில்லை. ஆயினும் பாடம் நமக்கும் உண்டு. கம்பியை உரசும் கிளையைக் கண்டால் நாமே கத்தி எடுத்து வெட்டக் கூடாது. உரியவர்களிடம் சொல்ல வேண்டும். அறுந்த கம்பி செத்துவிட்டது என்று எண்ணி அருகே போகக் கூடாது. மெழுகுவத்தியைவிட டார்ச் விளக்கே பாதுகாப்பு. ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டினால் அதன் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். வீட்டில் நோயாளி இருந்தால், மின்சாரம் நின்றால் எங்கே கொண்டு போவது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேய்ந்த கொக்கியை வேளையில் மாற்றியிருந்தால் 85 உயிர்கள் பிழைத்திருக்கும். சிறு பழுதை அலட்சியம் செய்யாதிருப்பதே பெருந்தீயைத் தடுக்கும் முதல் வழி.