மாதிரிப் படகும் மின்கல இணைப்பியும்

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு அச்சாணி எப்படியோ, அப்படியே மின்சாரத்தால் ஓடும் மாதிரிப் படகுக்கு அதன் மின்கல இணைப்பி. மின்கலத்தையும் மோட்டாரையும் இணைக்கும் இச்சிறு பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

வானொலி அலைகளால் படகைச் செலுத்தும் கலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா தெஸ்லா என்னும் அறிவியலறிஞர், நியூயார்க் நகரில் நடைபெற்ற மின்பொருட் காட்சியில், மின்கலத்தால் இயங்கும் சிறு படகொன்றைத் தொலைவிலிருந்தே இயக்கிக் காட்டினார். இன்றோ அத்தகைய படகைச் சிறுவரும் செலுத்துகின்றனர். ஆயினும், மின்கலத்தின் ஆற்றல் மோட்டாரைச் சென்றடைய வேண்டுமாயின், இடையிலுள்ள இணைப்புகள் செம்மையாக இருத்தல் வேண்டும்.

இணைப்பி சூடாவது ஏன்?

இணைப்பியினுள் இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. தொடும் இடம் சிறியதாகவோ, தளர்ந்தோ, களிம்பேறியோ இருப்பின் அங்கே மின்தடை மிகும். மின்தடை உள்ள இடத்தில் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்னும் உண்மையை ஜேம்ஸ் ஜூல் 1841ஆம் ஆண்டு வெளியிட்டார்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். ஓர் இணைப்பியின் மின்தடை 0.01 ஓம் எனக் கொள்வோம். அதன் வழியே 5 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது 5 × 5 × 0.01 = 0.25 வாட் வெப்பமே உண்டாகும். 30 ஆம்பியர் செல்லும்போதோ 30 × 30 × 0.01 = 9 வாட் உண்டாகும். மின்னோட்டம் 6 மடங்கு உயர, வெப்பம் 36 மடங்கு உயர்ந்துவிடுகிறது! மூடிய படகினுள் காற்றோட்டமும் குறைவு. ஆகவே பிளாஸ்டிக் உறை இளகலாம். இரு முனைகளும் தொட்டுக்கொண்டு குறுக்குச்சுற்று ஏற்படலாம். லித்தியம் மின்கலமாயின் தீப்பற்றவும் கூடும்.

எதனைத் தேர்வது?

முதலில் நம் படகு எத்தனை ஆம்பியர் ஈர்க்கிறது என்பதை அறிதல் வேண்டும். படகை நீர்த்தொட்டியில் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர்மானியால் அளக்கலாம். விசிறி வெறுங்காற்றில் சுழலும்போது அளந்தால் குறைந்த அளவே காட்டும். அது நீரைத் தள்ளும்போதுதான் உண்மைச் சுமை புலப்படும். இவ்வேளையில் கைவிரல்கள் விசிறியை நெருங்கலாகாது.

மெல்லச் செல்லும் இழுவைப்படகு சில ஆம்பியரே ஈர்க்கும். அதற்கு 6 வோல்ட் ஈய அமில மின்கலமும், அதன் தகட்டுமுனையில் இறுகச் செருகும் இணைப்பியும் போதும். வெண்ணிறத் தாமியா இணைப்பியும் இத்தகைய சிறு சுமைக்கே ஏற்றது. 10 ஆம்பியருக்கு மேற்பட்டால் அதனைத் தவிர்ப்பது நலம். விரைவுப் படகுகளுக்கு எக்ஸ்டி 60, எக்ஸ்டி 90, இசி 5 போன்ற தடித்த முனையுடைய இணைப்பிகள் உள்ளன. எக்ஸ்டி வகையின் பெயரிலுள்ள எண்ணை உச்ச அளவாகக் கொண்டு, தொடர்ந்து ஓடும் படகில் அதில் பாதியளவே செலுத்துவது அறிவுடைமை.

மறவாது காக்க வேண்டியவை

1. நேர்முனையும் எதிர்முனையும் மாறிச் செருக இயலாத வடிவமுள்ள இணைப்பியையே தேர்க.

2. மின்கலத்தின் பக்கம் எப்பொழுதும் முனைகள் உள்ளடங்கிய பாதியைப் பொருத்துக. வெளியே நீட்டிய முனைகள் ஆணியிலோ சாவியிலோ பட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும்.

3. வீட்டு மின்சாரத்திற்குரிய பிளக்கை மின்கலத்தில் பொருத்தவே கூடாது. அறியாத பிள்ளையொன்று அதனைச் சுவரிலுள்ள மின்துளையில் செருகிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

4. இணைப்பியை மாற்றும்போது மின்கலக் கம்பிகள் இரண்டையும் ஒருசேர வெட்டலாகாது. வெட்டும் கத்தரியே குறுக்குச்சுற்றாகிவிடும். ஒன்றை வெட்டி, ஈயப்பற்று வைத்து, உறையிட்டு முடித்த பின்னரே மற்றொன்றைத் தொட வேண்டும். இப்பணியைப் பெரியோர் செய்வதே முறை.

5. மின்கலத்தின் நேர்முனையருகே ஓர் உருகியைப் பொருத்துக. மிகையான மின்னோட்டம் பாயும்போது அது தான் உருகிப் படகைக் காக்கும்.

6. கடல்நீரில் படகை ஓட்டியபின் மின்கலத்தைக் கழற்றி, இணைப்பியில் உப்பு பட்டிருந்தால் நன்னீரால் துடைத்து உலர்த்துக. உப்பு உலோகத்தை அரிக்கும்.

பெற்றோர்களே! படகை ஓட்டி முடித்ததும் பிள்ளையோடு அமர்ந்து, மின்கலத்தைப் பிரித்தபின் இணைப்பியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு தாழ்வில்லை. விரல் வைக்க இயலாத சூடாயின் அப்படகை மீண்டும் நீரில் விடாமல், பெரிய இணைப்பியை மாற்றுங்கள். மாணவ மணிகளே! படகின் அழகையும் வேகத்தையும் கண்டு மகிழும் நீங்கள், கண்ணுக்குப் புலப்படாமல் உழைக்கும் இணைப்பியையும் எண்ணிப் பாருங்கள். அளந்தறிந்து தேர்ந்தெடுக்கும் பழக்கமே அறிவியலின் முதற்படியாகும்.