நரம்பும் நாமும் – 11
புள்ளி எங்கே இருக்கிறது?

நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்பு அணுக்களே அரித்துவிடுவதுதான் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்று போன வாரம் பார்த்தோம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

தி.நகரில் பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது முப்பதுக்குள். ஒருநாள் வலக்கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது. இரண்டு மூன்று நாளில் பார்வை மங்குகிறது. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் அரக்குப் புடவை சாயம் போனதுபோல வெளிறித் தெரிகிறது. வலக்கண்ணைப் பொத்தினால் அதே புடவை பளிச்சென்று இருக்கிறது. கண் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாலும் பல நோயாளிகளிடம் ஒன்றும் தெரியாது. கோளாறு இருப்பது கண்ணுக்குப் பின்னால், பார்வை நரம்பில். சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. வருடம் கழித்துக் கால் மரத்துப்போனால் எலும்பு டாக்டரிடம் போவோம். கண் மங்கிய கதையை அங்கே யார் சொல்லப் போகிறார்கள்?

இன்னொரு அடையாளமும் உண்டு. கத்திரி வெயிலில் ரங்கநாதன் தெருவைச் சுற்றிவிட்டு வந்தால் மங்கல் திரும்ப வரும். ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போய்விடும். உறை இழந்த நரம்பில், உடம்பு சூடேறினால் மின்னோட்டம் தடுமாறும். 1890-ல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊத்தோஃப் இதைப் பதிவு செய்தார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்பு, நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் உட்காரவைத்து அறிகுறி கூடுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்தது!

1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை ஜி.எச்.சில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில், உறை அரிக்கப்பட்ட இடங்களில் மூளைக்குள் விழும் தழும்புகளை உயிரோடு இருப்பவரிடம் பார்க்க வழியே இல்லை. சிறு சுத்தி, டார்ச், ஒரு ட்யூனிங் ஃபோர்க், அப்புறம் பொறுமையாகக் கேட்ட கேள்விகள். அவ்வளவுதான் கருவி. எம்.எஸ். நம் நாட்டில் மிக அரிது என்று பாடப்புத்தகங்கள் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். 1981-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில், சி.டி. ஸ்கேன் காட்டியதைவிடப் பல மடங்கு தழும்புகள் புள்ளிகளாகத் தெரிந்தன. நிலைமை மாறியது.

இன்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஸ்கேன் சென்டர்களுக்குக் குறைவில்லை. பெரிய பிளாஸ்டிக் கவரோடு வெளியே வருகிறவர்கள் முதலில் படிப்பது ரிப்போர்ட்டின் கடைசியில் இருக்கும் 'இம்ப்ரெஷன்' வரியைத்தான். "வெண்புள்ளிகள் உள்ளன, டிமைலினேஷனா (மயலின் உறை அரிப்பா) என்று பார்க்கவும்" என்று அங்கே இருந்துவிட்டால் அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஐம்பது தாண்டியவருக்கு, பல வருடமாக பி.பி. உள்ளவருக்கு, ஒற்றைத் தலைவலிக்காரருக்குக்கூட மூளையில் வெண்புள்ளிகள் இருக்கும். புள்ளி இருப்பது நோயல்ல. அது எங்கே இருக்கிறது, எப்போது வந்தது என்ற இரண்டையும் கேட்க வேண்டும்.

எங்கே என்பதை முதலில் பார்ப்போம். ஃப்ளேர் என்ற வகைப் படத்தில் மூளையைச் சுற்றியுள்ள நீர் கறுத்துப்போகும், தழும்பு மட்டும் வெளுத்து நிற்கும். எம்.எஸ். தழும்புகளுக்குப் பிடித்த இடங்கள் உண்டு: மூளையின் நீர் அறைகளை ஒட்டி, மேற்பட்டையை ஒட்டி, சிறுமூளை–மூளைத்தண்டுப் பகுதியில், முதுகுத் தண்டில். பக்கவாட்டுப் படத்தில் நீர் அறையிலிருந்து மேல்நோக்கி விரல்களைப் போல நீண்டிருக்கும். நடுவில் ஒரு சிறு சிரை ஓடும். இவை டாசன் விரல்கள். 1916-ல் எடின்பரோவில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து எழுதிய ஜேம்ஸ் டாசனின் பெயர் அது.

எப்போது என்பதற்குத்தான் காண்ட்ராஸ்ட் ஊசி. காடோலினியம் மருந்து புதுத் தழும்பில் மட்டும் ஊறிப் பளிச்சிடும். சில வாரங்களில் அந்தப் பளிச்சிடல் அடங்கிவிடும். ஆகவே ஒரே படத்தில் சில புள்ளிகள் மின்னி, சில மின்னாமல் இருந்தால், நோய் வெவ்வேறு காலத்தில் தாக்கியிருக்கிறது என்று பொருள். 2001-ல் இயன் மெக்டொனால்ட் தலைமையில் வகுத்த விதிகள் இந்த இடம், காலம் இரண்டையும் வைத்தே நோயை உறுதி செய்தன. பலமுறை திருத்தப்பட்ட அந்த விதிகளின் 2024 வடிவத்தில் பார்வை நரம்பும் ஓர் இடமாகச் சேர்ந்துவிட்டது. நம் புடவைக் கடைப் பெண்ணின் கண்ணுக்கு இனி கணக்கு உண்டு.

ஆனால் நம் ஊரில் இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. கண்ணையும் முதுகுத் தண்டையும் மட்டும் கடுமையாகத் தாக்கும் நோயை நெடுங்காலம் ஆசிய வகை எம்.எஸ். என்றே சொல்லிவந்தோம். 2004-ல் வாண்டா லெனன் குழு அதற்கென்று தனியான எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தது. இப்போது அது வேறு நோய்: என்.எம்.ஓ. முதுகுத் தண்டுப் படமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எம்.எஸ். தழும்பு சின்னது, இரண்டு முள்ளெலும்பு அளவைத் தாண்டுவது குறைவு. என்.எம்.ஓ. தழும்போ மூன்று முள்ளெலும்புகளைத் தாண்டி நீளும். இதைக் கவனிக்காமல் எம்.எஸ்.ஸுக்கான இன்டர்ஃபெரான் ஊசியைப் போட்டால் என்.எம்.ஓ. அடங்காது, மோசமாகும். படத்தை நிதானமாகப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பி12 குறைபாட்டையும் மறக்கக்கூடாது. பால், தயிர்கூட அதிகம் சேர்க்காத சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் கால் மரத்து, இருட்டில் தள்ளாடி, முதுகுத் தண்டின் பின்புறம் வெளுத்துத் தெரிந்தால், ஒரு ரத்தப் பரிசோதனையே பதில் சொல்லிவிடலாம். காசநோய்க் கட்டிகளும், நாடாப்புழு முட்டையால் வரும் கட்டிகளும் நம் மூளைப் படங்களில் அடிக்கடி தென்படுகிறவை. இவை எல்லாவற்றையும் விலக்கிய பிறகே எம்.எஸ். என்ற பெயரைச் சொல்ல வேண்டும்.

உங்களிடமோ உங்கள் வீட்டிலோ இப்படி ஒரு ஃபைல் இருந்தால், தயவுசெய்து ஃபிலிமோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். படங்கள் முழுவதும் உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் சுருக்கி அச்சிட்டதில் மூன்று மில்லிமீட்டர் புள்ளி எளிதில் தப்பிவிடும். அடுத்த ஸ்கேனையும் முடிந்தவரை அதே சென்டரில், அதே மெஷினில் எடுங்கள். வேறு மெஷினில், வேறு கோணத்தில் எடுத்தால் பழைய புள்ளியே புதிதாகத் தெரியும். புதுப் புள்ளி வந்துவிட்டது என்று நினைத்து மருந்தை மாற்றுவார்கள்.

(தொடரும்)