சுரங்கம் தோண்டிய நிலம் மீண்டும் விளையுமா?

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1957-ல் சுரங்கப் பணி தொடங்கியது. 1961-ல் பழுப்பு நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. கரி கிடப்பதோ 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில். அதற்கு மேலுள்ள மண் முழுவதையும் வாளிச் சக்கர இயந்திரங்களால் சுரண்டி, கன்வேயர் பெல்ட்டில் ஏற்றி அப்புறப்படுத்திய பின்னரே கரியை எடுக்க முடியும். கரி எடுத்து முடிந்த பகுதியில் இந்த மண்ணையே கொட்டிப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். ஆனால் பள்ளம் நிரம்பியது வேறு, நிலம் திரும்பியது வேறு.

பயிருக்கு வேண்டிய மக்கும், நுண்ணுயிர்களும், மண்புழுவும் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில்தான் வாழ்கின்றன. அதைத் தனியே எடுத்து வைக்காவிட்டால், அது அடியிலிருந்து வந்த மணலோடும் களியோடும் கலந்து காணாமல் போய்விடும். பல நூறு ஆண்டுகளில் உண்டான இந்த மண்ணை எந்த உரக்கடையிலும் வாங்க முடியாது.

மேல் மண்ணைக் காய்ந்த பருவத்தில் வழிக்க வேண்டும். ஈரத்தில் வழித்தால் கட்டி தட்டி இறுகிப் போகும். வழித்த மண்ணை உடனே வேறொரு நிரப்பிய பகுதியில் பரப்பிவிடுவதே மேல். சேமித்துத்தான் ஆக வேண்டுமானால் மலைபோல் குவிக்கலாகாது. உயரமான குவியலின் உள்ளே காற்று புகாமல் நுண்ணுயிர்கள் மடியும். தாழ்வான குவியலாக அமைத்து, அதன்மேல் பயறு வகைச் செடி எதையேனும் விதைத்து வைத்தால் மண் அரிக்காது, உயிரும் தங்கும்.

கொட்டிய மண்ணை புல்டோசரால் சமப்படுத்தும்போது இன்னொரு தொல்லை வருகிறது. இயந்திரத்தின் பாரத்தால் அடி மண் சிமெண்ட் தளம் போல் இறுகுகிறது. மழைநீர் இறங்காமல் மேலே தேங்கும்; வேர் பக்கவாட்டில் திரும்பும். மேல் மண்ணைப் பரப்புவதற்கு முன்பே இந்த அடுக்கை ஆழமாகக் கிளறிவிட வேண்டும். நிரப்பிய இடம் சில ஆண்டுகள் வரை ஆங்காங்கே அமிழும் என்பதால் மட்டமான வயல் தேவைப்படும் நெல்லை அவசரப்பட்டு நடுவதில் பயனில்லை.

முதலில் பசுந்தாள் பயிர்தான். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். மணற்பாங்கான, ஈரம் குறைந்த இடத்தில் கொழிஞ்சி தாங்கும்; ஆனால் அதன் விதைத்தோல் கடினமானது, மணலோடு சேர்த்துத் தேய்த்துத்தான் விதைக்க வேண்டும். தொழு உரமும் தாராளமாக இட வேண்டும். இப்படி மண் ஓரளவு தேறிய பிறகு உளுந்து, காராமணி போன்றவற்றை, ரைசோபியத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்து விதைக்கலாம். தைலமரமும் சவுக்கும் நட்டால் விரைவில் பசுமை தெரியும். பார்வைக்கு நன்று. ஆனால் காட்டை வளர்த்ததைக் கொண்டு கழனியை மீட்டதாகக் கணக்கெழுத முடியாது.

2023 ஜூலையில் வளையமாதேவி பகுதியில் சுரங்கத்துக்கான வாய்க்கால் வெட்ட, நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டது, விவசாயிகள் கொதித்தெழுந்தனர். இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேசுவது போல, மேல் மண் எங்கே போகிறது என்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1977-ல் வந்த சட்டம் இதில் கறாராக இருக்கிறது. உயர்ந்த விளைநிலத்தில் கரி எடுத்தால், மேல் மண்ணைத் தனியே எடுத்து மறுபடி பரப்ப வேண்டும். பின்னர் அங்கே பயிரிட்டு, சுற்றுவட்டாரத்தில் தோண்டப்படாத அதே தர நிலத்துக்கு ஈடாக விளைவதைக் குறைந்தது மூன்று பயிர் ஆண்டுகளின் மகசூலைக் கொண்டு காட்ட வேண்டும். அதுவரை நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுவதும் திரும்பக் கிடைக்காது.

மீட்கப்பட்ட நிலத்தைப் பார்வையிடப் போகும் விவசாயி கையோடு ஒரு மண்வெட்டி கொண்டு போகலாம். நாலைந்து இடங்களில் முழங்கால் ஆழம் தோண்டிப் பார்த்தால், நல்ல மண் எத்தனை அங்குலம், இறுகிய அடுக்கு எங்கே, மண்புழு உண்டா என்பது தெரிந்துவிடும். அந்தக் குழிகளிலிருந்தே மண் மாதிரி எடுத்து, அங்ககச் சத்தும் கார அமில நிலையும் அறிய மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம்.