பணம் வாங்குகிறவருக்குப் பின் நம்பர் எதற்கு?
(இணையத்தில் சரக்கு விற்கும் வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை)



செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் போகிற வட்டாரம் நம்முடையது. அங்கே சரக்கு கண்முன் இருக்கும். எடை கண்முன் நடக்கும். வாங்குகிறவர் முகம் தெரியாவிட்டாலும் நடுவில் நிற்கும் தரகர் முகம் தெரியும். பார்ட்டி எப்படி என்று கேட்டால் நாலு பேர் சொல்வார்கள். இணையத்தில் விற்கும்போது இந்த நாலு பேரும் இல்லை. தரகர் பார்த்த வேலையையும் நாமேதான் பார்த்தாக வேண்டும். இதை மறந்தவர்கள் ஏமாறுகிறார்கள்.

பனமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் நண்பர் ஒருவர் தம் பழைய டீப் ஃப்ரீசரை விற்க எண்ணி, ரூ. 18,000 என்று விலை போட்டு இணையத்தில் விளம்பரம் கொடுத்தார். பத்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியவர் தம்மை ராணுவ அதிகாரி என்றார். பேரமே பேசவில்லை. அடையாள அட்டை, கேன்டீன் கார்டு படங்களை அனுப்பினார். "எங்கள் கணக்குப் பிரிவிலிருந்து பணம் வரும். முதலில் ஒரு ரூபாய்க்குச் சோதனை செய்வோம்" என்று சொல்லி ஒரு க்யூ.ஆர். படம் அனுப்பினார். நண்பர் அதை ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் செலுத்த, இரண்டு ரூபாய் திரும்பி வந்தது. நம்பிக்கை பிறந்தது.

அடுத்த படத்தை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டார். ரூ. 18,000 அவர் கணக்கிலிருந்து போனது. "ஏதோ தவறு, இன்னொரு முறை செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து வந்துவிடும்" என்றது போன். இன்னொரு 18,000-மும் போனது. பொங்கல் சரக்குக்கு வைத்திருந்த பணம் அது. வெட்கத்தால் மூன்று நாள் வீட்டிலும் சொல்லவில்லை, சங்கத்திலும் சொல்லவில்லை. 36,000 போனதைவிட அந்த மூன்று நாள் போனதுதான் பெரிய நஷ்டம். காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. நாடு முழுவதும் மளிகைக்காரர், ஓட்டல்காரர், அரிசி மண்டிக்காரர் என்று பலரும் இதே "ராணுவ ஆர்டர்" நாடகத்தில் சிக்கியிருக்கிறார்கள். 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானா போலீஸார் சுமார் 5,000 பேர், நூஹ் மாவட்டத்தில் 14 கிராமங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தினார்கள் என்றால், இது எவ்வளவு பெரிய தொழிலாக நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ளலாம். ராணுவத்தின் மீது நமக்குள்ள மரியாதையே அவர்களுக்கு முதலீடு.

தந்திரம் எப்படி வேலை செய்கிறது?

யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. அதில் பின் நம்பர் என்பது கல்லாப்பெட்டிச் சாவி போன்றது. பணத்தை வெளியே எடுக்கத்தான் அது வேண்டும். ஒருவர் பணம் கொடுத்தால் நம் கணக்கில் அது தானாக வந்து விழும். அதற்கு ஸ்கேன் வேண்டாம், பின் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம். "பணம் வருவதற்கு இதைச் செய்யுங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த நொடியே போனை வைத்துவிடலாம்.

முன்பு மோசடிக்காரர்கள் பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி, அதற்கு நம்மையே சம்மதிக்க வைத்துப் பறித்தார்கள். தனிநபர்களுக்கு இடையிலான இந்தக் கோரிக்கை முறையைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் க்யூ.ஆர். படம் அனுப்பும் தந்திரத்துக்கு இது தடையாகாது.

வேறு வேடங்களும் உண்டு:

1. போலி ரசீது. பணம் அனுப்பியதாகப் பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வாங்குபவர் போனில் தெரிவது சாட்சி ஆகாது. நம் கணக்கில் தெரிவதே சாட்சி.

2. போலிக் குறுஞ்செய்தி. ரூ. 2,500-க்குப் பதில் ரூ. 25,000 வரவு என்று செய்தி வரும். "தவறி ஒரு சைபர் கூடிவிட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள், மருத்துவச் செலவு" என்று அழுகைக் குரல் வரும். வரவுச் செய்தி பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து வந்தால் நம்பாதீர்கள். வங்கியின் செய்தி எழுத்துகள் கொண்ட பெயரில் வரும்.

3. காசோலை. பாஸ்புக்கில் போட்ட தொகை வேறு, தீர்ந்து வந்த தொகை வேறு. சனிக்கிழமை மாலை காசோலையும் டெம்போவும் சேர்ந்து வந்தால், திங்கட்கிழமைக்குச் சரக்கைத் தள்ளிப் போடுங்கள்.

4. திருட்டுப் பணம். இதில் பணம் உண்மையாகவே வரும். ஆனால் அது வேறு யாரிடமோ மோசடி செய்த பணம். பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் தேடி நம் கணக்கையும் முடக்குகிறார்கள். சரக்கும் போய், கணக்கும் நின்று, கொடுத்த செக்குகளும் திரும்பும். இத்தகைய வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க அனுமதித்தது. ஆனாலும் நம் பக்கம் நியாயத்தைக் காட்ட பில் வேண்டும். வண்டி எண் வேண்டும். வாங்கியவர் பேச்சும் பெயரும் பதிவில் இருக்க வேண்டும். வாங்குகிறவர் ஒருவர், பணம் அனுப்புகிறவர் வேறொருவர் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

போலிப் பார்ட்டியை அடையாளம் காண்பது எப்படி?

உண்மையாக வாங்குகிறவர் பேரம் பேசுவார், குறை சொல்வார், நேரில் பார்க்க வேண்டும் என்பார். பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், சொன்ன விலைக்குச் சம்மதிக்கிறவரைச் சந்தேகியுங்கள். கேட்காமலே அடையாள அட்டை அனுப்புகிறவரையும், "வண்டி கிளம்பிவிட்டது, சீக்கிரம்" என்று அவசரப்படுத்துகிறவரையும், போனை வைக்கவிடாமல் பேசிக்கொண்டே இருப்பவரையும் சந்தேகியுங்கள். அவசரம் அவர்களுடையது, பணம் நம்முடையது.

கடையில் உட்காரும் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, க்யூ.ஆர். அட்டையை அதனுடன் மட்டும் இணையுங்கள். குடும்பச் சேமிப்பு அதில் இருக்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்?

முதல் காரியம், 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்வது. இரண்டாவது, நம் வங்கிக்குச் சொல்வது. அடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிந்து, விழுப்புரம் மாவட்டச் சைபர் கிரைம் போலீஸாரிடமும் கொடுக்கலாம். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சில மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏ.டி.எம். வழியே ரொக்கமாகிவிடுகிறது. அது வங்கிக்குள் இருக்கும்போதே சொன்னால் நிறுத்திவைக்க வழி உண்டு. நம் நண்பர் இழந்த மூன்று நாளின் மதிப்பு இதுதான்.

பின் நம்பரை நாமே போட்டுக் கொடுத்திருந்தால் வங்கியிடம் நஷ்டம் கேட்பதும் கடினம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட நஷ்டம், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையதே. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசு.

நானூற்றிருபது என்று நாம் திட்டிப் பழகிய பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 318 ஆகிவிட்டது. எண் மாறினாலும் ஆள் மாறவில்லை. ஏமாந்தது அவமானம் அல்ல, ஏமாற்றியவனுக்குத்தான் அவமானம். ஒருவர் வாய் திறந்து சொன்னால் பத்துக் கடை பிழைக்கும். நம் நண்பர் அடுத்த கூட்டத்தில் தாமே எழுந்து நடந்ததைச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் இன்னும் இருவர் கை தூக்கினார்கள்.

கணக்கில் பணம் ஏறட்டும்; பிறகு வண்டியில் சரக்கு ஏறட்டும்!