பன்னிரண்டாவது தீக்குச்சி

“11 தீக்குச்சியை வைத்து என் மகள் நான்கு விதமாக முக்கோணம் போடுகிறாள். 12 கொடுத்தால் மூன்றுதான் வருகிறது. தப்பாக எண்ணுகிறாளா?” என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சரியாகத்தான் எண்ணுகிறாள். ஒடிக்காமல், மிச்சம் வைக்காமல் எல்லாக் குச்சியையும் அடுக்கினால் அப்படித்தான் வரும்.

இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்பது நாம் எல்லோரும் ஒப்பித்ததுதான். எங்கள் பழைய வீட்டு இரட்டைக் கதவு அதைக் கண்ணெதிரே காட்டும். கோடையில் மரம் சுருங்கி, கதவுகள் ஒன்றையொன்று தொடாது. இடுக்கு வழியே தெரு தெரியும். ஐப்பசி மழையில் உப்பிவிட்டால் நிலைக்குள் அடங்காமல் நடுவில் கூம்பி நிற்கும். நிலை ஒரு பக்கம், கதவுகள் இரு பக்கம். அந்தக் கூம்பல்தான் முக்கோணம்.

ஆகவே எந்தப் பக்கமும் மொத்தக் குச்சியில் பாதியை எட்டக் கூடாது. 11இல் பாதி ஐந்தரை. ஒரு பக்கத்துக்கு 5க்கு மேல் ஆகாது. 12இல் பாதி 6. ஆறே வைத்தால் கதவு மட்டமாகச் சாத்திக்கொள்ளும். அங்கேயும் 5தான் உச்சம். சூட்சுமம் இங்கேதான். மூன்று பக்கமும் ஐந்தைந்து வைக்க 15 குச்சி வேண்டும். 11 இருந்தால் நான்கு குறைகிறது. அந்தக் குறையை மூன்று பக்கத்துக்கும் பங்குபோட நான்கு வழி: 5-5-1, 5-4-2, 5-3-3, 4-4-3. 12 இருந்தால் குறை மூன்றுதான். வழியும் மூன்றுதான்: 5-5-2, 5-4-3, 4-4-4. பன்னிரண்டாவது குச்சி உச்சத்தை உயர்த்தவில்லை, இருந்த இடத்தை அடைத்துக்கொண்டது. (நடுவில் நிற்கும் 5-4-3ஐத்தான் கொத்தனார் நூல் பிடித்து மூலைமட்டம் பார்க்கிறார்.)

குச்சிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் இந்த எண்ணிக்கைகளுக்கு ஆல்குயின் வரிசை என்று பெயர். ஆல்குயின், 8ஆம் நூற்றாண்டில் சார்லமேனின் அவையில் இருந்த ஆசிரியர். அவர் தொகுத்ததாகச் சொல்லப்படும் புதிர்களில் ஒன்று, நிறைந்தவை, பாதியானவை, காலியானவை என்று பத்துப் பத்துக் குப்பிகளை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிப்பது. பத்துக்குப் பதில் வேறு வேறு எண்ணிக்கை வைத்து அதன் விடைகளை எண்ணிக்கொண்டே போனாலும் இந்த வரிசைதான் வருகிறது.

நம் பிள்ளைகளுக்கு 3, 4, 8 என்று மூன்று எண்ணைக் கொடுத்து “முக்கோணம் அமையுமா?” என்று கேட்டு, இரண்டு மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறோம். எத்தனை அமையும் என்று கேட்க ஒரு தீப்பெட்டி போதும். குச்சியை உரசும் மருந்துப் பட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். வாசகியின் மகளுக்கு அடுத்த கணக்கு 4 குச்சி.